பொழுது சாய்வதற்குள் நிறுத்திய குமிழிகள்

1.

இந்தக் கதை நான் திருடியது. பின்னால் யாராவது கண்டுபிடித்துச் சொல்வதைவிட நானே முதலில் ஒப்புக்கொள்வது மரியாதை.

திருடிய இடம் செஞ்சி காந்தி பஜாரில் வெற்றிவேல் நடத்தும் ஜெராக்ஸ், பைண்டிங் கடை. என்னுடைய சிறுகதை ஒன்றை அச்செடுக்கப் போயிருந்தேன். மேசைமேல் ஒரு தடித்த தாள்கட்டு இருந்தது. நான் அவலூர்பேட்டை, செஞ்சி வழித்தடத்தில் இருபத்தெட்டு வருடம் கண்டக்டராக இருந்தவன். அடுத்தவர் மடியில் விரித்திருப்பதைத் தலைகீழாகவே படித்துவிடும் கெட்ட பழக்கம் அந்த வேலையில் வந்தது. கட்டு முழுவதும் ஆங்கிலம், இடையிடையே வரைபடம். நன்றி சொல்லும் பக்கம் மட்டும் தமிழில் இருந்தது. அதில் ஒரு வரி:

"ஒவ்வொரு நாளும் பொழுது சாய்வதற்குள் என் கணினியை நிறுத்தவைத்து, என்னைச் சாப்பிட உட்காரவைத்த என் அம்மா ராஜமதிக்கு."

முனைவர் பட்ட ஆய்வேட்டில் சாப்பாடு எப்படி வந்தது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அதன் சொந்தக்காரப் பெண் வந்தாள். எழுத்துப்பிழை பார்க்க அந்தப் பக்கத்தைக் கையில் எடுத்தாள். படித்தாள். மறுபடி படித்தாள். அதே வரியில் அவள் கண் நின்றுவிட்டது. பிறகு, "அண்ணே, பைண்டிங் வேணாம்" என்றாள்.

"ஏம்மா, அட்டைகூட வெட்டிட்டேனே! ரெண்டு நாள்ல குடுக்கணும்னு நீதான தலகீழா நின்ன?"

"வேணாண்ணே." ஹெல்மெட்டை மேசையிலேயே விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டாள்.

ஹெல்மெட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். மீதிக் கதை அப்படித்தான் கிடைத்தது. எழுதலாமா என்று பின்னொரு நாள் கேட்டேன். "எழுதுங்க கண்டக்டர் சார். ஆனா சமன்பாட்டத் தப்பா போட்டுடாதீங்க" என்றாள். அதனால் இந்தக் கதையில் சமன்பாடே கிடையாது.

2.

முதல் தொடக்கம்: ராஜகிரிக் கோட்டையின் மதில்களுக்குப் பின்னே செங்கதிரோன் மெல்ல

(வேண்டாம். செஞ்சியில் கதை எழுதுகிறவன் எல்லாரும் கோட்டையில்தான் தொடங்குகிறான். நானே பதினொரு முறை தொடங்கியிருக்கிறேன். இந்தக் கதையில் கோட்டை வராது.)

இரண்டாவது தொடக்கம்: திரவமும் வாயுவும் ஒருங்கே பாயும் நிலையைப் பன்மநிலைப் பாய்வு என்பர். ஆற்றல் பொறியியலில் இதன் இன்றியமையாமை யாதெனில்

(எழுதிய எனக்கே கொட்டாவி வந்தது.)

மூன்றாவது தொடக்கம், இதைப் பிடித்துக்கொண்டு போகலாம்: ஜினப்பிரியாவுக்கு வயது இருபத்தொன்பது. நான்கு வருடமாக அவள் ஒரு குழாய்க்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படி ஒரு குழாய் அவளிடம் இல்லை.

உலையில் தண்ணீர் கொதிப்பதை எல்லாரும் பார்த்திருக்கிறோம். அடியில் சின்னக் குமிழிகள் கிளம்பும், ஒன்றோடொன்று சேரும், பெரிதாகி மேலே வந்து உடையும். அனல்மின் நிலையத்தின் கொதிகலனில் இதே காரியம் நீண்ட இரும்புக் குழாய்களுக்குள் நடக்கிறது. அங்கே குமிழிகள் சேர்ந்து சேர்ந்து, துப்பாக்கிக் குண்டின் வடிவத்தில், குழாயையே அடைத்துக்கொண்டு ஏறும். அவை ஒரே தாளத்தில் உதறினால் குழாயும் உதறும். வெல்டிங் வைத்த இடம் நாளாவட்டத்தில் விரிசல் விடும். அந்தச் சூட்டில் கண்ணாடி ஜன்னல் வைத்து எட்டிப் பார்க்க முடியாது. ஆகவே, குழாயைக் கணினிக்குள் செய்துகொள்கிறார்கள். லட்சக்கணக்கான சின்னப் பெட்டிகளாகக் குழாயை வெட்டி, ஒவ்வொரு பெட்டியையும் பார்த்து, 'உன்னிடம் தண்ணீர் எவ்வளவு, ஆவி எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறாய்?' என்று கண்ணிமைக்கும் நேரத்துக்குள் ஆயிரம் முறை கேட்க வேண்டும்.* அப்படிக் கேட்கும் மென்பொருளை ஜினப்பிரியா தானே எழுதினாள். பெயர் 'குமிழி'.

* மேல்மலையனூர் அமாவாசைப் பேருந்தில் நான் செய்ததும் இதேதான். 'எங்க ஏறுன, எங்க எறங்குவ, எத்தினி பேரு?' எனக்கு யாரும் பட்டம் கொடுக்கவில்லை.

பகல் முழுக்க ஓடினால் குமிழி இரண்டு நொடிப் பாய்வைக் காட்டும். இரண்டே நொடி. மிச்சம் மறுநாள்.

3.

சென்னையில் ஆய்வு செய்துகொண்டிருந்தவள், இரண்டு வருடத்துக்கு முன்பு அவள் அப்பா அப்பாண்டைராஜுக்கு இருதய ஆபரேஷன் ஆனதும், கணினியோடு செஞ்சிக்கு வந்துவிட்டாள். அவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை வியாபாரி. வீட்டில் குளிர்சாதனம் இருப்பது ஒரே அறையில். அவர் படுப்பதும் அங்கேதான், கணினி இருப்பதும் அங்கேதான். கணினியின் விசிறி மாவு மில் மாதிரி சத்தம் போடும்.

அவர்கள் சமணர்கள். பொழுது சாய்ந்தபின் சாப்பிடமாட்டார்கள். அது ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். ராஜமதி அந்த விதியைக் கணினிக்கும் நீட்டியதுதான் புதுசு. வந்த முதல் நாளே சண்டை.

"ஆப் பண்ணுடி அத. நாமெல்லாம் உக்காந்து சாப்புடுறோம், அது மட்டும் கத்திகினே கெடக்குது."

"அம்மா, அது ராத்திரி பூரா ஓடலாம்மா. அதுக்கு இன்னா, பசிக்கவா போவுது?"

"பசிக்காட்டி போவுது. நைனா தூங்க வேணாமா? பொழுது போனா எல்லாத்துக்கும் நிறுத்தம்தான். ஏன், காலைல எழுந்து ஓடுனா மாட்டேன்னுதா?"

அன்றிலிருந்து ஒரு நாள்கூடத் தவறவில்லை. சூரியன் மறைய அரை மணி இருக்கும்போது ராஜமதி, "பிரியா, சாப்ட வா!" என்று கூப்பிடுவாள். ஜினப்பிரியா அதுவரை ஓடியதைச் சேமித்து, கணினியை நிறுத்திவிட்டுக் கை கழுவப் போவாள். காலையில் ஆறரை மணிக்கு விட்ட இடத்திலிருந்து மறுபடி ஓட்டுவாள்.

இந்த ஒழுங்கில்தான் ஓர் அதிசயம் கிடைத்தது. இரண்டு நொடிப் பாய்வுக்கு ஒருமுறை, குழாயில் இருந்த பெரிய குமிழிகள் எல்லாம் சேர்ந்து ஒரு குலுக்குக் குலுக்கின. யாரும் இதுவரை பார்க்காத தாளம். அவளுடைய வழிகாட்டி பேராசிரியர் கோதண்டராமன் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாராம். "குழாய் மூச்சு விடுதும்மா!" என்றார். அந்த மூச்சு சில இடங்களில் கொஞ்சம் நெருக்கமாகவும் சில இடங்களில் கொஞ்சம் அகலமாகவும் வந்தது. அதற்கும் அவர் ஒரு விளக்கம் வைத்திருந்தார். இருவர் பெயரிலும் கட்டுரை ஏற்கப்பட்டு, அச்சுக்குக் காத்திருந்தது. கோவையில் ஒரு குழு தங்கள் மென்பொருளில் முயன்று, 'எங்களுக்கு மூச்சு வரவில்லையே' என்று கடிதம் எழுதியது. "அவங்க பெட்டியெல்லாம் பெருசு, அதுல எங்க தெரியும்" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார்.

4.

மூன்று நாள் கழித்து இப்போதுதான் உட்காருகிறேன். நடுவில் ஒரு கல்யாணம், ஒரு ஜுரம்.

விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கியதும் ஒன்று கவனித்தேன். என் ராஜமதி மாறிப்போயிருக்கிறாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு

முகத்தில் காலம் வரைந்த கோடுகளுடன், அடுப்படியின் புகையில்

(யார் இந்த அம்மாள்? எனக்குத் தெரியாது. மூன்று நாள் முன்பு சண்டை போட்டவளை நான் நிறுத்திவிட்டுப் போனேன். திரும்பி வந்தால் பத்திரிகைக் கதையில் வரும் பொதுவான தாய் ஒருத்தி அவள் இடத்தில் உட்கார்ந்திருக்கிறாள். நடுவழியில் டீக்கு நிறுத்தி மறுபடி கிளம்பினால் பேருந்தில் யாரும் பழைய இடத்தில் பழையபடி உட்காரமாட்டார்கள். அது எனக்குத் தெரிந்த விஷயம்தான்.)

நிஜ ராஜமதி இதோ: வயது ஐம்பத்தாறு. டிவிஎஸ் எக்ஸெல்லில் மண்டிக்குப் போய் வருவாள். புருஷன் படுத்ததிலிருந்து வியாபாரத்தையும் அவள்தான் பார்க்கிறாள். மல்லாட்டையைக் காதோரம் வைத்து ஆட்டி, உள்ளே பருப்பு எப்படி என்று சொல்லிவிடுவாள். நாட்காட்டியில் அன்றைக்குப் போட்டிருக்கும் பொன்மொழியைச் சத்தமாகப் படித்து, "இது தப்பு" என்று கிழிப்பாள். அடுப்பு கேஸ் அடுப்பு, புகையெல்லாம் இல்லை. மகளைப் பற்றி மண்டியில் யார் கேட்டாலும், "ஆவிய ஆராய்ச்சி பண்றா" என்பாள். பாதிப் பேர் பேய் ஆராய்ச்சி என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அவளும் திருத்தவில்லை.

இனி போகலாம். ரைட்.

5.

கடையிலிருந்து வீட்டுக்குப் போன ஜினப்பிரியா நேரே கணினியைத் திறந்தாள். தினமும் சேமித்த கோப்புகளின் தேதியையும் நேரத்தையும் வரிசையாக எடுத்தாள். கார்த்திகையில் ஐந்து பத்து. தையில் ஐந்தரை. ஆனியில் ஆறு பத்து. பக்கத்தில் மூச்சு வரைபடத்தை வைத்தாள். ஒவ்வொரு மூச்சும், முந்தின நாள் நிறுத்தி மறுநாள் காலை தொடங்கிய இடத்தில் சட்டைப் பொத்தானும் துளையும் போலப் பொருந்தியது. பகல் குறைந்த கார்த்திகையில் கணினி குறைவாக ஓடியது. மூச்சும் நெருக்கமாக வந்தது. ஆனியில் அதிகம் ஓடியது, அகலமாக வந்தது. ஒன்றுகூடத் தப்பவில்லை.

பிறகு, தான் முதல் வருடத்தில் எழுதிய சேமிக்கும் பகுதியைப் படித்தாள். எந்தப் பெட்டியில் ஆவி எவ்வளவு, வேகம் எவ்வளவு, அழுத்தம் எவ்வளவு, எல்லாம் சேமித்திருந்தாள். குமிழியின் வடிவத்தை மட்டும் சேமிக்கவில்லை. திறக்கும்போது ஒவ்வொரு குமிழியையும் உருண்டை என்றே வைத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தாள். அப்போது சோதித்தது சின்னக் குமிழிகளை வைத்து. அவை எப்படியும் உருண்டைதான், ஒன்றும் தெரியவில்லை. பெரிய குமிழிகளோ தினமும் காலையில் உருண்டையாக எழுந்து, தங்கள் நிஜ வடிவத்துக்குத் திரும்ப ஒரு குலுக்குக் குலுக்கின. பேராசிரியர் கண்ட மூச்சு அதுதான்.

யாரும் பார்க்காத அந்த இயற்கை விதி அவள் அம்மாவின் சாப்பாட்டு நேரம்.

முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தாள். அப்புறம்தான் நாட்காட்டியைப் பார்த்தாள். ஆய்வேட்டைக் கொடுக்க இரண்டு நாள். அவகாசம் ஏற்கெனவே ஒருமுறை நீட்டியாகிவிட்டது. ஆறு அத்தியாயத்தில் நான்கு அந்த மூச்சைப் பற்றியவை.

6.

இப்போது முடிவுகள்.

முதல் முடிவு: அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஏட்டைக் கட்டிக் கொடுத்துவிடுகிறாள். டாக்டர் ஜினப்பிரியா. இதை இரண்டு பக்கம் எழுதி அவளிடமே காட்டினேன்.

கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். "நான் இப்டி செய்யவே மாட்டேன்னுலாம் போடாதீங்க சார்" என்றாள். "ஒரு முழு நாள் இப்டித்தான் செய்யலாம்னு இருந்தேன். குளிச்சேன், சாப்ட்டேன், கடைக்குக் கிளம்பக்கூட கிளம்பிட்டேன்."

"அப்புறம் இன்னா ஆச்சு?"

"கட்டுரைல கடைசி வரி ஞாபகம் வந்துச்சு. இந்த மூச்சுக்குத் தகுந்த மாதிரி குழாய்க்கு எங்க பிடிமானம் வெக்கணும்னு எழுதியிருந்தோம். எவனாவது அதப் படிச்சிட்டு வெப்பான் சார். இல்லாத உதறலுக்கு வெச்சிட்டு, இருக்கிற உதறல வுட்டுடுவான். கீழ ஆளுங்க வேலை செய்வாங்க."

அந்தப் பக்கங்களைக் கிழித்துவிட்டேன். நன்றாகத்தான் எழுதியிருந்தேன், கொஞ்சம் வருத்தம்.

இரண்டாவது முடிவு: அவள் உண்மையைச் சொல்கிறாள், முக்கால் உண்மை. இது நிஜமாகவே நடந்தது. பேராசிரியருக்குப் போன் போட்டு, சேமிக்கும் பகுதியில் பிழை, மூச்சு என்று ஒன்றில்லை என்று சொல்லிவிட்டாள். எந்தெந்த நாளில் நிறுத்தினாள் என்று அவர் கேட்டுக்கொண்டார். பிறகு, "தினமுமா நிறுத்தின? ஏம்மா?" என்று கேட்டார்.

அங்கேதான் நாக்கு பிசகியது. "இங்க கரண்ட் அடிக்கடி போய்ப் போய் வரும் சார்" என்றாள்.

அம்மா பெயரை இழுக்க மனம் வரவில்லை. இரண்டு வருட ஓட்டம் வீணாய்ப் போனதற்குத் தன் குரல் காரணம் என்று தெரிந்தால் ராஜமதி அதை ஆயுசு முழுக்கச் சுமப்பாள். மகளுக்கு அது தெரியும். எனக்கும் தெரியும், அந்த இடத்தில் நானாக இருந்தாலும் கரண்ட் மேல்தான் பழி போட்டிருப்பேன்.

வாசலில் எக்ஸெல் நின்ற சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. ராஜமதி உள்ளே வந்துகொண்டே, "கரண்ட் எங்கடி போச்சு? உன் மிசினுக்குன்னு இன்வெர்ட்டர் போட்டு ரெண்டு வருஷம் ஆவுது. யார்கிட்டடி பொய் சொல்ற?" என்றாள்.

ஜினப்பிரியா போனை மேசைமேல் வைத்தாள். அணைக்க மறந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் சொன்னாள். உருண்டைக் குமிழி, காலைக் குலுக்கல், கார்த்திகை, ஆனி. ராஜமதி நின்றபடியே கேட்டாள். கையில் மாதிரிக்குக் கொண்டுவந்த மல்லாட்டைப் பை இருந்தது. அதைக் கீழே வைக்கவில்லை.

"அப்ப, நான் கூப்புட்டுக் கூப்புட்டுத்தான் கெட்டுச்சா?"

"அப்டி இல்லம்மா."

"எப்டி இல்ல? நீதானே இப்ப சொன்ன." பிறகு அவளுடைய வியாபாரப் புத்தி எழுந்துகொண்டது. "இருடி. நிறுத்துனா மறந்துபூடும்னா அது இன்னா சாப்ட்வேரு? நான் ராத்திரி கடைய மூடிட்டுக் காலைல தொறந்தா, மூட்டையெல்லாம் வெச்ச எடத்துல வெச்ச மாதிரி இருக்கணும் இல்ல? நான் நிறுத்துனது தப்பா, அது மறந்தது தப்பா?"

மேசைமேல் இருந்த போனிலிருந்து ஒரு தொண்டைக் கனைப்பு. "ஜினப்பிரியா, அம்மா கேக்கறது சரிதாம்மா. இத நான்தான் உங்கிட்ட கேட்டிருக்கணும், மூணு வருஷம் முன்னாடி." அவரே தொடர்ந்தார்: "கட்டுரைய நாளைக்கு வாபஸ் வாங்கிடறேன். என் பேரும்தானே இருக்கு. ஆறு மாசம் கேப்போம். குடுப்பாங்க, குடுக்கலன்னா நான் போய் நிக்கறேன்."

ராஜமதி முகம் தெரியாத அந்த மனிதரைப் பார்த்துச் சொல்வதுபோலப் போனைப் பார்த்து, "சாப்ட்டீங்களா சார்?" என்றாள்.

(இங்கே முடித்திருக்கலாம். வெற்றிவேல் படித்துவிட்டு, "சூப்பர் சார், இத்தோட நிறுத்துங்க" என்றான். ஆனால் பழைய கண்டக்டர் நான். கடைசி ஆள் இறங்கும்வரை வண்டியை ஷெட்டில் விடமாட்டேன்.)

7.

பதினோரு நாளில் ஜினப்பிரியா சேமிக்கும் பகுதியைப் புதிதாக எழுதினாள். இப்போது குமிழி தன் வடிவத்தையும் ஞாபகம் வைத்துக்கொள்ளும். அந்தப் பதினோரு நாளும் கணினியில் ஓட்டம் இல்லை. ராஜமதி வழக்கம்போலக் கூப்பிட்டாள், எல்லாரும் சாப்பிட்டார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை ஆறரைக்குப் புதிய குமிழி ஓடத் தொடங்கியது. பகல் முழுக்க ஓடி, பெரிய குண்டுக் குமிழிகள் மாலையில் நல்ல வடிவத்தில் ஏறிக்கொண்டிருந்தன.

சற்று வெளியே போய்த் திரும்பியவள் கூடத்தில் ஒரு மாற்றத்தைப் பார்த்தாள். அப்பாவின் கட்டில் கூடத்துக்கு வந்திருந்தது. அவர் மாத்திரைக்காக முன்பே சாப்பிட்டுவிட்டு, மின்விசிறிக்குக் கீழே படுத்திருந்தார்.

"இன்னா நைனா, இங்க படுத்துட்ட?"

"உங்கம்மா உத்தரவு. இனிமே அந்த ரூமு மிசினுக்குத்தானாம். ராத்திரி பூரா ஓடட்டுமாம்." குரலைத் தாழ்த்தினார். "அவ உன்ன இனிமே கூப்புட மாட்டாளாம்."

சமையலறையில் இரண்டு தட்டுகள் வைத்தபடி இருந்தன. ராஜமதி அவற்றுக்கு எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். சூரியன் மறைய இருபது நிமிடம். அவள் கூப்பிடவில்லை. தன் சாப்பாட்டையும் தொடவில்லை.

ராஜமதிக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. புதிய குமிழி சரியா என்று பார்க்க ஒரே வழி, ஓடிக்கொண்டிருக்கும்போது அதை நிறுத்துவதுதான். நிறுத்தி, காலையில் திறந்து, குலுக்கல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் பிழைத்தது. வந்தால் ஆறு மாதமும் போதாது. அதாவது இந்த இரண்டு வருடத்தில், அம்மா கூப்பிடவேண்டிய மாலை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்.

கதவருகே நின்று ஜினப்பிரியா இதைச் சொல்ல வாயெடுத்தாள். 'கூப்பிடும்மா' என்று கேட்டு வாங்குவதா, அவளாகக் கூப்பிடக் காத்திருப்பதா என்று தயங்கினாள். இவ்வளவுதான் அவள் எனக்குச் சொன்னது. "அப்புறம் நீங்களே எழுதிக்குங்க சார்" என்று சிரித்துவிட்டாள்.

எழுதிப் பார்த்தேன். ராஜமதி எழுந்து வந்து மகளின் தலையைத் தடவி

ஜினப்பிரியா ஓடிப்போய் அம்மாவைக் கட்டிக்கொண்டு

(இரண்டும் உருண்டை. இரண்டு நாள் இடைவெளி விட்டு எழுதியதன் பலன்.)

எனக்கு அந்த அம்மாவையும் பிடிக்கும், பெண்ணையும் பிடிக்கும். அதனால்தான் முடிக்க வரவில்லை. கோட்டை வராது என்று சொல்லியிருந்தேன். மன்னிக்க வேண்டும், செஞ்சியில் சூரியன் ராஜகிரிக்குப் பின்னால்தான் இறங்கும், நான் என்ன செய்ய? இப்போது பாதி இறங்கிவிட்டது. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கிறது. அறையில் கணினி மாவு மில் மாதிரி கத்திக்கொண்டிருக்கிறது. அம்மா வாயைத் திறக்கவில்லை, மகளும் திறக்கவில்லை, கட்டிலில் இருப்பவர் தூங்குவதுபோல் நடிக்கிறார்.

கூப்பிட மிச்சம் இருப்பவர், இதைப் படிக்கிற நீங்கள் ஒருவர்தான். சத்தமாகத்தான் கூப்பிட வேண்டும், விசிறிச் சத்தத்தில் காதில் விழாது. பிரியா, சாப்ட வா.